கூரையில் அரைப் பங்கு

பொன்னுத்தாயி அக்கா சத்துணவுக் கூடத்தின் பின்புறம் குத்துக்காலிட்டு அமர்ந்து, உடைந்த கூரைத் தகட்டுத் துண்டுகளைக் கல்லால் நுணுக்கிக்கொண்டிருந்ததை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நுணுக்கிய பொடியைத் தேங்காய் நாரில் தொட்டு, சோறு வடித்த அண்டாவைத் துலக்கினார். செங்கல் பொடிக்கு அசையாத கரியெல்லாம் அந்தச் சாம்பல் நிறப் பொடிக்குக் கழன்று வந்தது.

“பாத்தீகளா டீச்சர், மொகம் தெரியுது!” என்று அண்டாவை என் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

என் முகம் தெரிந்தது. “நல்லா இருக்குக்கா” என்று சொல்லிவிட்டு ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அதன்பின் எட்டு வேலை நாள்கள் அதே காட்சியைக் கண்டேன். எட்டு நாளும் வாய் திறக்கவில்லை. நான் அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. அந்தத் தகடு ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரும் சிமெண்டும் கலந்து வார்த்தது என்பது எனக்குத் தெரியும். அதை உடைத்தாலும் அறுத்தாலும் கண்ணுக்குப் புலப்படாத நார்கள் காற்றில் பறக்கும் என்பதும், மூச்சோடு உள்ளே போன நார் நுரையீரலில் தங்கி இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் நோயாக மாறக்கூடும் என்பதும் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் இருந்ததை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

பள்ளி, கல்லலிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஊரின் பெயரை எழுதாமல் விடுவதற்கு அவ்வூரார் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரார் தலைக்கட்டு வரி போட்டுத் தாங்களே கட்டிய கட்டடம் அது; அரசின் உதவி பிறகுதான் வந்தது. மணமான ஆணைத் தலைவனாகக் கொண்ட ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு. காரைக்குடியில் எங்கள் ஜமாஅத்திலும் அந்த வழக்கம் உண்டாகையால் எனக்கு அது புதிதன்று. ஆனால் அந்த ஊரில் கோயில் கிடாயின் கறியானாலும் கண்மாய் மீனானாலும் தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்துவிடுவார்கள். பொதுவில் செய்த பொருள் எதுவும் குப்பைக்குப் போகாது. பழுதான பிறகும் பங்காகப் பிரிந்து வீடுகளுக்கே போகும். வந்த பங்கை வேண்டாம் என்றால், ஊரையே வேண்டாம் என்று சொன்னதாகப் பொருள்.

முன்னாள் மாணவர்கள் எங்களுக்குப் புதிய கான்கிரீட் கட்டடம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பழைய கட்டடத்தின் தாழ்வாரக் கூரையை முதலில் பிரித்தபோது உடைந்த துண்டுகள்தாம் சத்துணவுக் கூடத்தின் பின்னால் கிடந்தன. மீதமுள்ள நூற்றுச் சொச்சம் தகடுகளை வருகிற ஞாயிற்றுக்கிழமை இறக்கி, தலைக்கட்டுக்கு ஒன்றாகப் பிரிப்பது என்று ஊர் முடிவு செய்திருந்தது.

பொன்னுத்தாயி அக்கா அந்த ஊரில் அரைத் தலைக்கட்டு. கணவனை இழந்த பெண்ணின் வீட்டை அப்படித்தான் வைத்திருந்தார்கள்: அரை வரி, அரைப் பங்கு, ஊர்க்கூட்டத்தில் ஓரமாக உட்காரலாம், பேசக் கூடாது. மகன் இருந்து அவனுக்கு மணமானால் அரை முழுதாகும். அக்காவுக்கு ஒரே மகள். அவளையும் கோட்டையூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. “முழு வரி தாரேன், என்னைய முழுசா வைங்க” என்று கணவர் இறந்த இந்த ஒன்பது ஆண்டுகளில் மூன்று முறை ஊரிடம் கேட்டிருக்கிறார். மூன்று முறையும் சிரித்து அனுப்பிவிட்டார்கள். நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு சமைப்பவர், ஊருக்குப் பாதி ஆள்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, நான் சத்துணவுக் கூடத்தின் பக்கம் போனபோது பொடி நுணுக்கிக்கொண்டிருந்தது அக்கா அல்லர். ஆறாம் வகுப்பு மீனு. உதவி செய்கிறாளாம். அவள் கண் இமையில் அந்தச் சாம்பல் படிந்திருந்தது.

“மீனு, எந்திரி. போய் மூஞ்சியக் கழுவு” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

“ஏன் டீச்சர் வைறீக? புள்ள ஆசையாத்தானே செய்யிது” என்றார் அக்கா.

“அக்கா, தப்பா எடுத்துக்கிறாதீக. இந்தப் பொடி ஆகாது.”

சொன்னேன். தகட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையும், அது மூச்சோடு போனால் என்ன ஆகும் என்பதையும், என்னால் முடிந்த அளவு நேராகச் சொன்னேன். அக்கா கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“இந்தக் கூரைச் சீட்டப் பத்தி, இங்க வேலைக்கு வந்த நாள்லயே தெரியும். நீங்க நுணுக்குறதப் பாத்தது… எட்டு நாளா.”

“எட்டு நாளு.” அவர் எழுந்து நின்றார். “எட்டு நாளும் எஞ் சோத்தத் தின்னுட்டு, ‘சாம்பாரு நல்லாருக்குக்கா’ன்னு சொல்லிட்டுப் போனீக.”

“மன்னிச்சிருங்கக்கா.”

“ஒங்க மன்னிப்ப வச்சு எந்த அண்டாவத் தொலக்க?”

 அவர் துடைப்பத்தை எடுத்தார். கூட்ட வேண்டாம், முதலில் நனைக்க வேண்டும் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். இருவருமாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சேறாகிய பொடியையும் துண்டுகளையும் பிளாஸ்டிக் சாக்கில் அள்ளி, வாயை இறுக்கிக் கட்டி, அதை இன்னொரு சாக்குக்குள் வைத்தோம்.  கையைக் கழுவும்போது அவர் கேட்டார்.

“எனக்கு அந்த வியாதி வந்துருமா?”

“தெரியலக்கா. வராமலே போகலாம். நெறையப் பேருக்கு வாரதில்ல. ஆனா வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

“ஒரு பொய்யாச்சும் சொல்லலாமுல்ல டீச்சர்.”

“எட்டு நாள் சொல்லாம இருந்ததே பொய்தானேக்கா.”

 அவர் பழைய கட்டடத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தார். “அங்குட்டு இருக்குறதும் இதே எழவுதானே? ஞாயித்துக்கெழம ஊரே ஆளுக்கொண்ணாத் தூக்கிட்டுப் போகப் போகுது. அரைப் பங்குக்குக் கொத்தன் வேல்பாண்டி மெசினக் கொண்டாந்து அறுக்கப் போறான்.”

“ஆமாக்கா.”

“வாங்க” என்றார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

தலைமையாசிரியர் தங்கச்சாமி சார் கெட்டவர் அல்லர். ஓய்வு பெற ஒன்றரை ஆண்டு இருந்தது. அதற்குள் எந்தக் கோப்பும் தம் மேசையில் எழுந்து நிற்கக் கூடாது என்பதே அவருடைய ஒரே விருப்பம். அந்தக் கூரையைப் பற்றி, வேலைக்கு வந்த புதிதில் நான் அவருக்கு இரண்டு கடிதங்கள் எழுதிக் கொடுத்திருந்தேன்.

“ஒங்க ரெண்டு கடுதாசியும் இந்தப் பீரோவுலதான் பத்திரமா இருக்கு டீச்சர்” என்றார் என்னிடம். “‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’… என்னா தமிழு! எங்க வீட்டம்மாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன். அது கண்ணுல தண்ணி வச்சுருச்சு.”

“அழுது முடிச்சுட்டு என்ன செஞ்சீக?” என்று கேட்டார் பொன்னுத்தாயி அக்கா.

“ஏத்தா, நீ என்ன வாத்தியார விசாரிக்க வந்துட்ட? நான் இருபது வருசமா இந்தக் கூரைக்குக் கீழதான் பாடம் நடத்துறேன். செத்தா போனேன்?”

“நீங்க கூரைக்குக் கீழ நின்னீக. நான் கூரைய இடிச்சு மூக்குல வாங்கியிருக்கேன். அழகி மக மீனுவும் வாங்கியிருக்கா.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது ஊருச் சொத்து. நான் கல்லல்காரன். ஊருச் சொத்த ஊரு பிரிக்கிது, அதுல எனக்கு என்ன? கட்டடம் காலியானாப் போதும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது, அதனாலேயே அச்சமூட்டியது. “பர்வீன் டீச்சர், ஞாயித்துக்கெழம லீவு நாளு. நீங்க பாட்டுக்குக் காரைக்குடியிலயே இருங்க. ஒங்களுக்கு வேலை இன்னும் உறுதியாகல. அது நாபகம் இருக்கட்டும்.”

வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: “ஞாயித்துக்கெழம வருவீகளா?”

“வாரேன்க்கா.”

“வந்து?”

“அதுக்குள்ள மேலிடத்துக்கு எழுதிப் பாக்குறேன்க்கா” என்றேன். 

அந்த வாரம் இந்தத் தகடுகளைப் பற்றி மாவட்ட அலுவலகங்கள் இரண்டுக்கு நான் பதிவுத் தபாலில் எழுதினேன். ஒன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்தவர், தமக்குச் சம்பந்தமில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். மற்றொன்றிலிருந்து தகவல் இல்லை. ஞாயிறு வந்துவிட்டது. காரைக்குடி செக்காலையில் இருந்து ஆட்டோ பிடித்து, பேருந்து ஏறி, கல்லலில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகியிருந்தது. பழைய கட்டடம் மொட்டைத் தலையோடு நின்றது.

தகடுகளை மைதானத்தில் அடுக்கியிருந்தார்கள். இறக்கும்போது உடைந்த சில, சுவரோரம் குவிந்து கிடந்தன. ஊர்த் தலைவரான அம்பலம் சின்னக்கருப்பன், வேப்பமரத்தடியில் போட்ட நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருடைய பங்கு விடிந்ததுமே டிராக்டரில் ஏறி அவர் வீட்டுக்குப் போயாயிற்று. முதல் பங்கு அம்பலத்துக்கு என்பது அங்கு வழக்கம். ஒவ்வொரு தலைக்கட்டின் பெயராகக் கூப்பிட, ஆள்கள் வந்து இருவர் இருவராகத் தகட்டைத் தூக்கிப் போனார்கள். ஆட்டுக் கொட்டகைக்கு, குளியலறைக்கு, அடுப்படிச் சாய்ப்புக்கு என்று ஆளுக்கொரு திட்டம் வைத்திருந்தார்கள். கூச்சலும் கேலியுமாகத் திருவிழாப் போல இருந்தது. தலைமையாசிரியர் புதிய கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் சற்று நகர்ந்துகொண்டார்.

எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்று, “ஐயா, ஒரு விண்ணப்பம்” என்று இரண்டு முறை சொன்னேன். முதல் முறை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை ஒருவர் திரும்பி, “டீச்சருக்கு நாற்காலி போடுங்கப்பா” என்றார். போட்டார்கள். அமர்ந்துவிட்டேன்.

இருபது பங்கு போலப் போயிருக்கும். அம்பலம் கையை உயர்த்தினார். “வெயிலு ஏறுது. அரைகளை முடிச்சு விட்ருவோம், பொம்பளைக பாவம் நிக்கிறாக. வேல்பாண்டி, மெசினப் போடு.”

பன்னிரண்டு பெண்கள் தனியாகச் சுவரோரம் நின்றிருந்தார்கள். ஒரு தகட்டை இரண்டாக அறுத்து இருவருக்குக் கொடுக்க வேண்டும். கொத்தனார் வேல்பாண்டி, தகட்டின் நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, அறுக்கும் இயந்திரத்தின் ஒயரைத் தாழ்வாரத்துப் பிளக்கில் செருகினார். ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“பொன்னுத்தாயி, அரை” என்று கூப்பிட்டார்கள்.

அக்கா வந்தார். நேராகப் போய், கோடு போட்ட தகட்டின் விளிம்பருகே நின்று, குனிந்து, தம் இரண்டு கைகளையும் அந்தக் கோட்டின் மீது வைத்துக்கொண்டார்.

“அறுக்கக் கூடாது” என்றார்.

“கைய எடு மதினி, வெரலு போயிரும்” என்றார் வேல்பாண்டி.

“போகட்டும். அறுக்கக் கூடாது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். “முழுசாக் கேக்குதுடா பொன்னுத்தாயி!”

“மூணு தடவ கேட்டாள்ல. நாலாந்தடவ சீட்டு மேல படுத்துக் கேக்குறா!”

“குடுத்துத் தொலைங்க அம்பலம்! ஒரு சீட்டுலயா ஊரு அழியப் போகுது?”

அம்பலத்தின் முகத்தில் பெருந்தன்மை பரவியது. ஊர் நல்ல மனநிலையில் இருந்தது. அவருடைய பங்கோ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருந்தது. அவர் எழுந்து நின்று, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “ஏத்தா பொன்னு, ஒம் புருசன் இருந்தப்ப ஊருக்குக் கொறை வச்சதில்ல. நீயும் நம்ம புள்ளைகளுக்குச் சோறு போடுற. இன்னையில இருந்து நீ முழுத் தலைக்கட்டு. கோயிலுக்கு ஒதுக்குனதுல இருந்து ஒண்ண எடுத்து, முழுச் சீட்டாக் குடுங்கடா.”

கைதட்டினார்கள். சுவரோரம் நின்ற பதினொரு பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.  ஒன்பது ஆண்டுகளாக அவர் ஏங்கிய ஒன்று கைக்கு வந்துவிட்டது. அவர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால், எட்டு நாள் ஊமையாய் இருந்த நான் எந்த வாயால் குறை சொல்ல முடியும்?

அக்கா தகட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. “மாமா, கூச்சல்ல சரியாக் கேக்கல. இன்னொருக்காச் சொல்லுங்க.”

“முழுத் தலைக்கட்டுத்தா! சந்தோசமா?”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா?”

“கேட்டோம், கேட்டோம். சீட்டத் தூக்கிட்டுப் போ!”

அவர் நிமிர்ந்தார். “முழுத் தலைக்கட்டு சபையில பேசலாமுல்ல மாமா?”

“பேசேன், யாரு வேணாமுன்னா?” என்றார் அம்பலம் சிரித்தபடி. நன்றி சொல்லப் போகிறார் என்று எண்ணியிருக்க வேண்டும்.

“போன வருசம் கண்மாய் மீனப் பிரிக்கிறப்ப, ஒங்க தம்பி ஒத்த ஆளு ‘பிரிக்கக் கூடாது’ன்னு மறிச்சாரு. முழுத் தலைக்கட்டு ஒண்ணு மறிச்சாப் பொதுப் பொருளத் தொடக் கூடாதுன்னு சொல்லி, மூணு நாளு வலையக் கரையில போட்டு வச்சீக. மீனு நாறுனாலும் நாறட்டும், மொறை மொறைதான்னு நீங்கதான் சொன்னீக. இப்ப நான் மறிக்கிறேன். இந்தச் சீட்டப் பிரிக்கக் கூடாது.”



“என்னத்தா சொல்ற?”

“இது வெசம். கூரையில சும்மாக் கெடக்குற வரைக்கும் பெருசா ஒண்ணும் செய்யாது. அறுத்தா, ஒடைச்சா, தொளை போட்டா அதுல இருந்து நாரு பறக்கும். நெஞ்சுக்குள்ள போயி ஒக்காந்துக்கிரும். நூத்துப் பத்து வீட்டுக்கு நூத்துப் பத்து சீட்டு போனா, நூத்துப் பத்து வீட்டுலயும் அறுப்பாக, தொளை போடுவாக. எனக்கு எம் பங்கு வேணாம். ஒங்களுக்கும் பங்கு கெடையாது.”

அம்பலத்தின் முகம் சிறிது சிறிதாகக் கறுத்தது. “குடுத்த கையி எறங்கல, அதுக்குள்ள கையக் கடிக்கிறியா? சோறாக்குறவளுக்குச் சீட்டப் பத்தி என்ன தெரியும்? யாரு சொல்லிக் குடுத்தா?” அவர் கண் கூட்டத்தைச் சுற்றி வந்து என் மீது நின்றது. “டீச்சரு சொல்லிக் குடுத்தாகளா?”

எல்லாரும் திரும்பினார்கள். தூணின் பின்னாலிருந்து தங்கச்சாமி சார் வேண்டாம் என்று தலையசைத்தார். நேர்மையாகச் சொல்வதானால், அந்த ஒரு கணம் கல்லல் பேருந்து எத்தனை மணிக்கு என்றுதான் என் மனம் கணக்கிட்டது.

“ஆமா. நான்தான் சொன்னேன்” என்றேன். “ஆனா அதுக்கு முன்னாடி எட்டு நாள் சொல்லாம இருந்தேன். பொன்னுத்தாயி அக்கா இந்தச் சீட்டப் பொடியாக்கி அண்டா தொலக்குனாக. தெரிஞ்சும் பாத்துக்கிட்டு நின்னேன். மீனுவும் அந்தப் பொடிய நுணுக்குனா. என்மேல கோவப்படுங்க, அது நியாயம். ஆனா அவுக சொன்னதுல ஒரு வார்த்த தப்பில்ல.”

கூட்டத்திலிருந்து மீனுவின் அம்மா அழகி முன்னால் வந்தாள். “எம் மகளா?”

“ஆமா. ஒரு நாள் நான் பாத்தேன். அவளுக்கு ஏதாச்சும் வருமான்னு என்னால சொல்ல முடியாது. இனிமே அவ இந்தத் தூசிகிட்டப் போகக் கூடாது, அது மட்டும் தெரியும்.”

அழகி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மைதானத்தின் நடுவுக்குப் போய், தகட்டைத் தூக்கிக்கொண்டிருந்த தன் கணவனைப் பார்த்து, “கீழ வைய்யா அத!” என்று கத்தினாள். அவன் வைத்தான்.

பிறகு ஒரே இரைச்சல். எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருபது வருடமாக இதுதானே இருக்கிறது என்றார் ஒருவர். தொடாமல் அப்படியே விட்டுவையுங்கள் என்றேன். நகரத்தில் பெரிய பெரிய கம்பெனிக் கூரையெல்லாம் இதுதான் என்றார் இன்னொருவர். உண்மைதான் என்றேன். “அப்ப அவுகளுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதா?” என்றார். ஆனதா ஆகவில்லையா என்று அவர்களைக் கேட்க இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றேன். நான் இப்படியெல்லாம் பதில் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் வேல்பாண்டி என் அருகே வந்தார். அவருடைய புருவத்திலும் சட்டைக் கழுத்திலும் தூசி. அவர் சொன்னது எனக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

“நான் பதினஞ்சு வருசமா அறுக்குறேன் டீச்சர்.”

  “டாக்டர்கிட்டப் போயி, என்ன வேலை பாக்குறீகன்னு சொல்லி நெஞ்சப் பாக்கச் சொல்லுங்கண்ணே” என்றேன். “வெளிக்குத் தெரியாமலும் இருக்கும். இன்னைக்கு நிறுத்துனாலும் நல்லதுதான்.”

அவர் தலையசைத்தார். தாழ்வாரத்துக்குப் போனார், பிளக்கைப் பிடுங்கினார், ஒயரை இயந்திரத்தின் மீது நிதானமாகச் சுற்றத் தொடங்கினார்.

“என்னடா செய்யிற?” என்று அதட்டினார் அம்பலம்.

“மெசினு கெட்டுப்போச்சு.”

“இப்பத்தானடா ஓடுச்சு?”

“இப்பத்தான் கெட்டுச்சு.”

யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். அம்பலத்துக்கு அதுதான் தாங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்படின்னா நானும் சொல்றேன். பொன்னுத்தாயி அரைதான். முழுசுன்னு சொன்னதத் திருப்பி வாங்கிக்கிட்டேன். அரைக்குப் பேச்சில்ல. பிரிங்கடா!”

யாரும் அசையவில்லை. அக்காவின் குரல் உயரவே இல்லை.

“சபையில ரெண்டு வாட்டி சொன்னீக மாமா. அதத் திருப்பி வாங்குனா, நான் அரையாக மாட்டேன். ஒங்க வார்த்ததான் அரையாகும். அரை வார்த்த அம்பலத்த இந்த ஊரு வச்சுக்கிருமான்னு நீங்களே கேட்டுப் பாருங்க.”

அம்பலம் கூட்டத்தைப் பார்த்தார். அவர் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பலம் நாற்காலியை ஒரு உதை உதைத்துவிட்டு நடந்தார். அவரோடு ஏழெட்டுப் பேர் போனார்கள். போகிற வேகத்தில் இருவர் ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள். அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை.

மற்றவர்கள் சிறிது நேரம் நின்றார்கள். நன்மை நடந்துவிட்டது என்ற மகிழ்ச்சி யார் முகத்திலும் இல்லை. கிடைத்த பொருள் கைநழுவிய எரிச்சலே இருந்தது. “கூரையும் போச்சு, ஞாயித்துக்கெழமையும் போச்சு” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே போனார். தங்கச்சாமி சார் என்னைக் கடக்கும்போது, “நாளைக்கு எட்டரைக்கு என் ரூமுக்கு வாங்க” என்றார். “வாரேன் சார்” என்றேன். உண்மையாகவே அஞ்சினேன், ஆனால் அங்கிருந்து போய்விடவில்லை.

சுவரோரம் நின்ற பதினொரு அரைகள்தாம் கடைசிவரை இருந்தார்கள். சத்துணவுக் கூடத்திலிருந்து குடங்களை எடுத்து வந்து, அடிகுழாயில் மாறி மாறி அடித்து, தகடுகளின் மீதும் உடைந்த குவியலின் மீதும் தண்ணீர் ஊற்றினார்கள். முகத்தில் ஈரத் துணி கட்டிக்கொண்டோம். அந்தத் துணி போதாது என்பதை அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்கும் தவற்றை மறுபடி செய்ய மனமில்லை. நெல் காயப்போடும் தார்ப்பாய் இரண்டு கொண்டு வந்து, எல்லாவற்றையும் மூடி, ஓரங்களில் கல் வைத்தோம். அபாயக் கழிவைக் கையாள அனுமதி பெற்றவர்கள் வந்து எடுக்கும்வரை இது இப்படியே கிடக்க வேண்டும், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது என்றேன்.

“கெடக்கட்டும். நாங்க எங்க போகப் போறோம்?” என்றாள் ஒருத்தி. “ஏக்கா பொன்னு, எங்களையும் முழுசாக்குறது எப்ப?”

“வாயத் தொறந்து கேளு, நான் மறிக்கிறேன்” என்றார் அக்கா. அப்போதுதான் அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

பேருந்துக்குப் போகலாம் என்று நான் கைப்பையை எடுத்தேன். அக்கா எதிர்த்திசையில் ஊருக்குள் நடந்தார்.

“எங்கக்கா?”

“இருபது சீட்டு போயிருக்குல்ல டீச்சர். ஒவ்வொரு வீடாப் போயிக் கேக்கணும். பெரிய வீட்டுல இருந்து ஆரம்பிப்போம்.”

அம்பலத்தின் வீட்டு முற்றத்தில் அந்தத் தகடு மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தது. அம்பலம் கட்டிலில் படுத்திருந்தார். எங்களைக் கண்டும் எழவில்லை.

“நாளைக்குப் புள்ளைகளுக்குச் சோறாக்கப் போறியா, இல்ல ஊரத் திருத்தப் போறியா?”

“ரெண்டுந்தேன் மாமா. அந்தச் சீட்டக் குடுங்க.”

“தூக்க இங்க ஆளில்ல.”

“நாங்க தூக்கிக்கிறோம்.”

மாட்டுத் தொட்டியிலிருந்து நீர் மொண்டு தகட்டின் இரு புறமும் ஊற்றினார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான். எட்டடித் தகடு. நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தூக்கியதும் நடுவில் தொய்ந்தது. இன்னும் சற்றுத் தொய்ந்தால் முறிந்துவிடும். மெல்ல இறக்கி வைக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, அடுப்படியிலிருந்து அம்பலத்தின் மனைவி சீதை வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தகட்டின் நடுவில் தோளைக் கொடுத்தார்.

“சீதை!” என்று கத்தினார் அம்பலம்.

அந்த அம்மாள் திரும்பவில்லை. “பாத்து வாங்க டீச்சர், வாசல்ல கல்லு கெடக்கு” என்றார் என்னிடம். மூவரும் தெருவுக்கு வந்தோம்.